சாவியைப் பூட்டினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் இணையப் பாதுகாப்பு பற்றி வந்த கட்டுரையில், என்க்ரிப்ட் செய்துவிட்டால் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டால்) கவலையில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அதை நம்பி அவமானப்பட்டவன் நான்.

சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து சின்னக் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். போன வருடம் ராணிப்பேட்டைத் தோல் வியாபாரி ஒருவருக்கு, சரக்குச் சீட்டில் டிஜிட்டல் கையெழுத்துப் போட ஒரு செயலி செய்தேன். கையெழுத்துப் போட உதவும் ரகசியக் குறியீடான சாவியை என்க்ரிப்ட் செய்து பூட்டி, பிரவுசரின் சேமிப்பறையான லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தேன். அதைத் திறக்கும் பாஸ்வேர்டு? செயலியின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கோப்பிலேயே ஒரு வரி! கோப்பைப் படிக்கச் சிரமமாகும்படி சுருக்கியாயிற்று, யார் கண்ணில் படப்போகிறது என்ற தெம்பு. லீவுக்கு வந்த அக்கா மகன், பக்கத்தின் நிரலைப் பிரவுசரில் காட்டும் எஃப்12 பொத்தானைத் தட்டினான். காபி ஆறுவதற்குள், "மாமா, இதுதானே உங்க சாவி?" என்றான்.

இத்தனைக்கும் நான் வேலூர்க்காரன். காவலை மட்டும் நம்பக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கதை. அகழி இருந்தும் கோட்டையை நம்பாமல், அதற்குள் இருக்கும் கோயிலின் சாமியான ஜலகண்டேஸ்வரரை வெளியே கொண்டுபோய், 1981-ல்தான் திரும்ப வைத்தார்கள். அதுவரை எங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தார்.

சரி, பழைய சாவியை ரத்து செய்து புதிதாக எழுதினேன். பாஸ்வேர்டு இப்போது எங்கும் கிடையாது, முதலாளி தட்டினால்தான் உண்டு. அதோடு சால்ட் என்ற தற்செயல் குறியீட்டைச் சேர்த்து, பிரவுசரிலேயே இருக்கும் வெப் கிரிப்டோ கருவியின் பிபிகேடிஎஃப்2 என்ற முறை அதை 6 லட்சம் சுற்று அரைக்கிறது. அரைக்கும் கணக்கு எஸ்ஹெச்ஏ-256 என்றால் அத்தனை சுற்று வேண்டும் என்பது இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் பரிந்துரை. அதில் கிடைப்பதை வைத்துத்தான் ரகசியச் சாவிக்கு ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற என்க்ரிப்ஷன் பூட்டு. முதலாளியின் பழைய போனில் திறக்க நேரமாகிறது, முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். திருடனும் ஒவ்வொரு ஊகத்துக்கும் 6 லட்சம் சுற்று சுற்றியாக வேண்டுமே! திறந்த சாவியையும், வெளியே எடுக்க முடியாதபடி 'எக்ஸ்ட்ராக்டபிள்' என்பதை ஃபால்ஸ் ஆக்கித்தான் ஏற்றுகிறேன்.

இதிலும் ஓட்டை உண்டு. பக்கத்துக்குள் வேறு நிரல் புகுந்துவிட்டால், சாவியை எடுத்துப்போக முடியாவிட்டாலும் அங்கேயே கையெழுத்துப் போட்டுக்கொள்ளும். தட்டுகிற பாஸ்வேர்டையும் ஒட்டுக்கேட்கும். 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற, யாரும் தங்கள் செயலியில் சேர்த்துக்கொள்ளக்கூடிய இலவச நிரல் தொகுப்பு வழியாக நுழைந்த நிரல், கோபே என்ற பிட்காயின் பர்ஸின் சாவிகளைத் திருடுவதற்கென்றே எழுதப்பட்டது. அதைப் படித்த அன்று, என் செயலியில் தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்த தொகுப்புகளை எல்லாம் கழற்றிப் போட்டேன்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். ராணிப்பேட்டை முதலாளியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன், திட்டும் வாங்கியாயிற்று. மற்ற வாடிக்கையாளர்களும் உங்கள் பத்திரிகை படிப்பவர்கள் என்பதால் என் பெயர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.