பட்டத்தைப் பிறகு பார், கண்ணு

அன்பு மகளுக்கு,

கோத்தகிரியிலிருந்து அம்மா எழுதுவது. உன் சாப்ட்வேர் டீமுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பை உன்னிடமே கொடுத்திருக்கிறார்கள் என்று போனில் சொன்னபோது ரொம்பப் பெருமையாக இருந்தது. அடுத்த பேச்சிலேயே, பி.இ., பி.டெக். இல்லாத விண்ணப்பங்களையும் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றையும் முதலிலேயே ஒதுக்கிவிடப் போகிறோம், இல்லையென்றால் பார்த்து முடியாது என்றாய். அதுதான் மனதை விட்டுப் போகவில்லை. போனில் இதைப் பேசினால் நடுவில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

பட்டம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. உனக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க அப்பா வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று அலைந்ததால்தான் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைத்தது, நீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாய். சொல்லிவிட ஆள் இல்லாத மலைக்காட்டுப் பெண்ணுக்கு அந்தக் காகிதம்தான் சிபாரிசு. வெளிநாட்டுக்குப் போவதென்றாலும் அது வேண்டும். அமெரிக்காவில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கான ஹெச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு ஈடானதோ கேட்கிறார்கள். பட்டம் இல்லாதவருக்கு ஒரு கல்லூரி ஆண்டுக்கு மூன்று வருட வேலை அனுபவம் என்று கணக்கு. நான்கு வருடப் படிப்புக்குப் பதிலாகப் பன்னிரண்டு வருட உழைப்பு! நம் தெருப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடட்டுமா என்று கேட்டால், முடித்துவிடுங்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் பிள்ளைக்குச் சொல்லும் புத்தி வேறு, ஆள் எடுக்கிறவர் செய்யவேண்டிய வேலை வேறு.

கீழ்வீட்டுப் பையனை உனக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தான், அவன் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் மேலே படிக்கவில்லை. பஜாரில் மொபைல் கடையில் இருந்துகொண்டே புரோகிராமிங் கற்றுக்கொண்டான். விவசாயிகளிடம் தேயிலை வாங்கித் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் இலை ஏஜென்ட் ஒருவருக்கு ஒரு ஆப் செய்து கொடுத்திருக்கிறான். தினமும் யார் எத்தனை கிலோ பச்சை இலை கொடுத்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், முன்பணம் எவ்வளவு வாங்கினார்கள், அந்த மாதத்துக்கு அறிவித்த விலைப்படி கைக்கு என்ன வரும் எல்லாம் அதில் தெரியும். தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் கணக்கெழுதியவள் என்பதால் சொல்கிறேன், இந்தக் கணக்கு லேசில் பிடிபடாது. விலை மாதக் கடைசியில் மாறினால் பழைய பாக்கிகள் எல்லாம் குழம்பும். அவன் அதைக்கூட யோசித்து எழுதியிருந்தான். ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தபோது, பட்டம் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியவில்லை. அவன் எழுதிய புரோகிராமை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

குன்னூர் தேயிலை ஏலத்தில் தொழிற்சாலையின் மார்க்குக்கு, அதாவது அதன் பெயருக்கு, மதிப்பு உண்டு. நல்ல மார்க் என்றால் விலை கொஞ்சம் ஏறும். இருந்தாலும் சாம்பிளை வெந்நீரில் ஊறவைத்து, உறிஞ்சி, துப்பிப் பார்த்துத்தான் மதிப்புப் போடுவார்கள். நீங்களும் அப்படிச் செய்தால் போதும்.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. ஸோஹோ சாப்ட்வேர் கம்பெனி இருபது ஆண்டுகளாகப் பள்ளிப் படிப்போ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து எடுத்துக்கொள்கிறது. எச்.சி.எல். கம்பெனியும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்து, வேலையோடு பட்டமும் படிக்க வழி செய்கிறது. ஆனால் விளம்பரத்தில் 'பட்டம் தேவையில்லை' என்று போட்டால் மட்டும் போதாது. அமெரிக்காவில் பல பெரிய நிறுவனங்கள் அப்படிப் போட்டன. 2024-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் வேலைச் சந்தையை ஆராயும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் கணக்கெடுத்தபோது, புதிதாக வேலைக்கு எடுத்த 700 பேரில் ஒருவருக்குக்கூட அதனால் பலன் இல்லை என்று தெரிந்தது. விளம்பரம் மாறியது, தேர்ந்தெடுக்கிறவர்களின் பழக்கம் மாறவில்லை. அந்த இடத்தில்தான் இப்போது நீ உட்கார்ந்திருக்கிறாய்.

ஆள் எடுக்கும் முறைகள் பற்றி நீ வாட்ஸப்பில் அனுப்பிய கட்டுரையைப் பொறுமையாகப் படித்தேன். 1998-இல் வந்த ஆய்வுத் தொகுப்பில், ஒருவர் எத்தனை வருடம் படித்தார் என்பதை வைத்து அவர் எப்படி வேலை செய்வார் என்று பெரிதாகச் சொல்ல முடியவில்லை. அதே வேலையில் ஒரு சிறு பகுதியைச் செய்யச் சொல்லிப் பார்த்தால் நன்றாகச் சொல்ல முடிந்தது. 2022-இல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் போட்டு எண்களைக் குறைத்தார்கள். அதில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே மாதிரி மார்க் போடும் நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. அப்படியென்றால் முதல் கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே சின்ன வேலையைக் கொடுங்கள். தேறியவர்களைக் கூப்பிட்டு, எழுதியதை அவர்கள் வாயாலேயே விளக்கச் சொல்லுங்கள். ஏஐ எழுதிக் கொடுத்ததா, சொந்தமாக யோசித்ததா என்பது அங்கே தெரிந்துவிடும். பட்டத்தை அப்புறம் பாருங்கள்.

இன்னொன்று. அந்தத் தேர்வைக் கேமரா முன்னால் இரண்டு மணி நேரம் ஆன்லைனில் வைக்காதே. ஐப்பசி மழையில் இங்கே கரண்ட் போகும், டவர் போகும், மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் பஸ்ஸும் நிற்கும். நீ படிக்கும்போது சிக்னலுக்காக மொட்டைமாடியில் குடை பிடித்துக்கொண்டு நின்றவள்தானே? கேள்வியை இறக்கி வைத்துக்கொண்டு ஓரிரு நாளில் அனுப்பலாம் என்று வை. எடுத்தபிறகு, டிப்ளமோக்காரன் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கவும் விடாதே. அதே வேலைக்கு அதே சம்பளம்.

கீழ்வீட்டுப் பையனுக்காகச் சிபாரிசு கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. விளம்பரம் வந்தால் அவனிடம் சொல்வேன், அவ்வளவுதான். அவன் விண்ணப்பித்தால் அவனுடைய தாளை நீ திருத்தாதே, உன் டீமில் வேறு ஒருவரிடம் கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா