ஆண்டறிக்கை: குஞ்சுகளுக்கு அடையாளமிடும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

சந்தா வசூல், தணிக்கை, கூட்டங்கள் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். டிரவுட் மீன் குஞ்சுகளுக்கு அடையாளமிட்ட வேலையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நம் பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விட்ட குஞ்சு பிழைக்கிறதா என்ற கேள்வி ஒவ்வொரு பொதுக்குழுவிலும் எழுகிறது. பிடிபடும் மீன் நாம் விட்டதா, ஆற்றிலேயே பிறந்ததா என்று தெரியாதவரை அதற்குப் பதில் இல்லை. எனவே முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே உள்ள சிறிய கொழுப்புத் துடுப்பை வெட்டுவதென முடிவானது. முந்தின நாளே தீவனத்தை நிறுத்தி, மயக்க மருந்துத் தொட்டியில் சில குஞ்சுகளை மட்டும் இறக்கி, ஈரக் கையால் எடுத்து, அடியோடு ஒட்ட வெட்ட வேண்டும். பாதியை விட்டால் அது திரும்ப வளர்ந்து, பிறவிக் கோணலா வெட்டா என்று குழப்பும். செவுள் அசைவு நின்றால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முதலில் நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும்.

வெட்டு சொல்வது ஒன்றே: இது பொரிப்பகத்து மீன். எந்தத் தொட்டி, எந்த ஆண்டு என்று சொல்லாது. அதற்காக ஒரு பகுதிக் குஞ்சுகளுக்கு மூக்கு நுனியில் குறியீட்டுக் கம்பியும், அதாவது குறியீடு பொறித்த நுண்ணிய கம்பித் துண்டும், செலுத்தினோம். நீளம் 1.1 மி.மீ., தடிமன் 0.25 மி.மீ. காந்தமேற்றிய எஃகு என்பதால் கருவி கண்டுபிடித்துவிடும். குறியீட்டைப் படிக்கத்தான் தலையை அறுத்து நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். 1960களில் வட அமெரிக்கப் பசிபிக் கரையோரம் சால்மனுக்காக வந்த முறை இது. அங்கே வெட்டுத் துடுப்பென்றால் உள்ளே கம்பி உண்டு என்று முதலில் பொருள்; பொரிப்பக மீன்களுக்குப் பொதுவாகவே வெட்டத் தொடங்கியதும் அந்தப் பொருள் போய்விட்டது. நம் ஆற்றிலும் அப்படித்தான். கருவி ஒலிக்காத மீனின் தலையை வீணாக அறுக்காதீர்கள்.

கம்பி விழுந்துவிடுவதும் உண்டு. ஆகவே ஒரு தொட்டிக் குஞ்சுகளைச் சில வாரம் நிறுத்திவைத்து மறுபடி கருவியில் ஓட்டினோம். இந்த இழப்பைக் கழிக்காவிட்டால் கம்பி இழந்த மீனும் செத்த மீன் கணக்கில் சேர்ந்துவிடும்.

சிலர் பிட் டேக், அதாவது மீனின் உடலுக்குள் வைக்கும், தனி எண் கொண்ட சிறு மின்னணு அடையாளம், கேட்டார்கள். வழக்கமான அளவு 12 மி.மீ., பேட்டரி வேண்டாம், உயிரோடிருக்கும் மீனிலேயே எண்ணைப் படிக்கலாம். ஆனால் சிறு குஞ்சுக்கு அது சுமை. விலையும் கம்பியைவிட மிக அதிகம். தாய்மீன்களுக்கு மட்டும் போடலாம் என்பது என் கருத்து.

தூண்டில் போடும் உறுப்பினர்களிடம் ஒரு குறை. துடுப்பு வெட்டிய மீனை மட்டும் எழுதுகிறீர்கள். முழுத் துடுப்புள்ள மீனையும் எழுதினால்தானே விகிதம் தெரியும்? பதிவேடு பொரிப்பக வாசலில் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்