தனிச் சங்கம் எதற்கு என்று கேட்டாயே

அன்புள்ள மல்லிகா,

இங்கே நலம். அங்கே உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே என்று டாக்டர் சொல்லியும் தினம் மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறாயாமே. துறைத்தலைவர் அறையைக் கீழே மாற்றச் சொல்லக்கூட முடியாவிட்டால் அந்தப் பதவி எதற்கடி? அண்ணனுக்கு வணக்கம் சொல். சின்னவனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகப் பெண் கறுப்பினப் பொறியாளர் சங்கத்தின் சிகாகோ மாநாட்டில் எடுத்த படத்தைக் குரூப்பில் போட்டேன் இல்லையா? "இன்ஜினியர்னா இன்ஜினியர்தான், அதுல என்னடி கறுப்பு இன்ஜினியர், அவங்களுக்குத் தனியா ஒரு சங்கம்?" என்று கேட்டாய். பெரிய சரோஜா அதற்குக் கைதட்டல் பொம்மை வேறு போட்டாள். போனில் பதில் சொன்னால் பாதியில் புகுந்து விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெண் இங்கே அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகத்தில் சிவில் படித்தவள். கறுப்பினப் பொறியாளர் தேசியச் சங்கத்தை வாய் நிறைய 'நெஸ்பி' (NSBE) என்றுதான் சொல்வாள். அது பிறந்ததே அவளுடைய பல்கலைக்கழகத்தில்தான், இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். 1960களின் கடைசியில் அங்கே பொறியியல் முதலாண்டில் சேர்ந்த கறுப்பின மாணவர்களில் 80 சதவீதம் பேர் படிப்பை விட்டு ஓடினார்கள். ஒரு கல்லூரி இதை என்னவென்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கும்? 'அவர்களுக்கு வராது' என்றுதானே. 1971இல் எட்வர்ட் பார்னெட், ஃப்ரெட் கூப்பர் என்று இரண்டு மாணவர்கள் டீனிடம் போய், சங்கம் ஆரம்பிக்கிறோம் என்றார்கள். அவர் சம்மதித்து, அங்கே இருந்த ஒரே கறுப்பின ஆசிரியர் ஆர்தர் பாண்டை ஆலோசகராகப் போட்டார்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான். சிகாகோவிலிருந்து வந்து படித்த ஆறு பையன்கள் சங்கத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவரான ஆண்டனி ஹாரிஸ், நாட்டில் அங்கீகாரம் பெற்ற அத்தனை பொறியியல் கல்லூரிகளுக்கும் கடிதம் போட்டார். மொத்தம் 288. உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு சங்கம் உண்டா, மாணவர் தலைவர் யார், என்று விசாரித்து. 80 பதில்கள் வந்தன. 1975 ஏப்ரலில் 32 கல்லூரிகளிலிருந்து 48 பேர் பர்டூவில் கூடித் தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பதிலே போடாத 208 டீன்களை நினைத்தால் எனக்கு நம் ட்ராயிங் சார் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. "பார்க்கலாம்மா." இன்று அந்தச் சங்கத்துக்கு 600க்கும் மேல் கிளைகள்.

உன் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரீஸ்மன் என்று ஒரு கணக்கு ஆராய்ச்சி மாணவர். கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவில்லை, வசதியில்லை என்றார்கள். நீயும் நானும் ஸ்டாஃப் ரூம்களில் கேட்ட அதே பட்டியல். அவர் அதை நம்பாமல், கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர் என்று கூடவே இருந்து கவனித்தார். பட்டியலில் இருந்த எதுவும் காரணமில்லை. சீனப் பிள்ளைகள் ராத்திரி கூடி உட்கார்ந்து ஒருவர் போட்ட கணக்கை ஒருவர் திருத்தினார்கள். கறுப்பினப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தனித்தனியாக அறையைச் சாத்திக்கொண்டு உழைத்தார்கள், தனித்தனியாகவே தோற்றார்கள். மந்தமான மாணவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று எதையும் அவர் வைக்கவில்லை. கூட்டமாக உட்கார வைத்துக் கஷ்டமான கணக்காகக் கொடுத்தார். ரிசல்ட் தலைகீழானது.

மல்லிகா, நாம் எப்படிப் பாஸானோம்? வகுப்பு முழுக்கப் பையன்கள், முன் வரிசையில் ஓரமாக நாம் நாலு பேர். ஸ்ட்ரக்சர்ஸ் புரியவில்லை என்று வகுப்பில் எழுந்து கேட்டால் 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு சிவில்' என்ற சிரிப்பு. எல்லாச் சந்தேகத்தையும் சேர்த்து வைத்து, ஹாஸ்டல் மொட்டை மாடியில் சரோஜாவைக் கேட்டுத்தானே தீர்த்தோம்? அதற்குப் பேர் தனிச் சங்கம் இல்லாமல் என்ன? இன்றைக்கு அவளே கைதட்டுகிறாள் பார்.

அடுத்து, இந்த நெஸ்பியை நடத்துவது யார் என்று கேள். மாணவர்கள். தேசியத் தலைவர் உட்பட, தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறார்கள். வருடாந்தர மாநாட்டை நடத்துவது, பெரிய கம்பெனிகளை வரவழைத்து அங்கேயே நேர்காணல் வைக்க வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பில். 2007லிருந்து கோடை விடுமுறையில் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்குப் பொறியியல் முகாம் நடத்துகிறார்கள். அங்கே போய்ச் சொல்லிக்கொடுப்பவர்களும் இந்தக் கல்லூரிப் பிள்ளைகள்தான். உங்கள் துறைச் சங்கத்தில் மாணவர் செயலாளருக்கு இருக்கும் ஒரே அதிகாரம் குத்துவிளக்குக்குத் திரி போடுவது. கோபித்துக்கொள்ளாதே, நீயே சொன்னதுதான்.

இப்போது என்னை அரிக்கிற விஷயம். 2023இல் ஃப்ளோரிடாவில், பன்முகத்தன்மை, சமத்துவம் என்ற பெயரில் நடக்கும் இத்தகைய வேலைகளுக்கு அரசுக் கல்லூரிகள் பணம் செலவிடக்கூடாது என்று சட்டம் வந்தது. சங்கத்தின் 2024 மாநாடு அதே ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் நடக்க வேண்டியது, அதனால் அட்லாண்டாவுக்கு மாற்றிவிட்டார்கள். அதாவது பரவாயில்லை. 2025 பிப்ரவரியில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் இந்தச் சங்கத்தின் கிளையையே கலைத்தார்கள். கூடவே பெண் பொறியாளர் சங்கக் கிளையும் போனது, கவனித்தாயா? மொத்தம் 12 மாணவர் அமைப்புகள். இந்த நாட்டின் முதல் பொறியியல் கல்விக்கூடமே வெஸ்ட் பாயிண்ட்தான். அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஹென்றி ஃப்ளிப்பர், 1877இல். அடிமையாகப் பிறந்தவர். ஒக்லஹோமாவில் ஃபோர்ட் சில் முகாமைச் சுற்றித் தண்ணீர் தேங்கி மலேரியா வந்தபோது, வடிகால் வெட்டி அதை வெளியேற்றியவர். அந்த வடிகால் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் தொழில்காரரடி.

எங்கள் அலுவலகப் பெண் இதைப் பற்றி அதிகம் பேச மாட்டாள். தன் ரெஸ்யூமேவில் சங்கப் பொறுப்பை வைப்பதா எடுப்பதா என்று மட்டும் ஒருநாள் என்னிடம் கேட்டாள். வை என்றேன். சொன்ன பிறகும் எனக்கு உறுதி இல்லை. வேலை போனால் நானா கொடுக்கப்போகிறேன்?

இங்கே இருக்கும் நம் இந்திய ஆட்களைக் கேட்டால் இன்னும் வயிறு எரியும். போன வாரம் ஒரு விருந்தில் ஒருவர், 'திறமை இருந்தால் போதும், நாமெல்லாம் யார் தயவில் வந்தோம்?' என்று நெஞ்சை நிமிர்த்தினார். 1965இல் குடியேற்றச் சட்டம் மாறாவிட்டால் எந்தத் திறமையும் இவரை விமானம் ஏற்றியிருக்காது. சாதாரண இந்தியருக்கு இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடித்தான் இருந்தது. அதைத் திறந்துவிட்ட காலம் யாருடைய போராட்டத்தால் வந்தது? முந்தின வருஷம்தான் சிவில் உரிமைச் சட்டம் வந்திருந்தது. அடி வாங்கியது கறுப்பினத்தவர், உள்ளே நுழைந்தது நாம். இதை அப்படியே சொன்னேன். அவர் மனைவி பாயசம் எடுத்து வந்து பேச்சை மாற்றினார். நல்ல பாயசம்.

எழுத எழுத நீண்டுவிட்டது. உனக்கு ஒரு வேலை. உன் துறையில் வீட்டிலேயே முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள், எம்-த்ரீ கணக்கு அரியரைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள், நிறையப் பேர் என்றாயே. அவர்கள் சாயங்காலம் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள், யாரோடு படிக்கிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்து எழுது. அறிவுரை சொல்லாமல் கவனி. உனக்கு அதுதான் கஷ்டம்.

ஜனவரியில் மதுரை வருகிறேன், தேதி அப்புறம் சொல்கிறேன். சரோஜாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. கைதட்டல் பொம்மையைத் திரும்ப எடுக்கச் சொல்.

உன்,
ஜெயா