ஷேர் சர்டிஃபிகேட்டில் பெயர் மாறினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடத்துக்கு மேலாகச் செம்பூரில் குடியிருக்கும் உங்கள் வாசகி நான். செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போனால் இப்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுப் பேர் மாத்துற விஷயம் என்னாச்சு?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, மெதுவாகத் தன் வீட்டுக் கதையை எடுக்கிறார். பாதிப் பேருக்கு ஒரே கதைதான். வீட்டுக்காரர் தவறிவிட்டார், நாமினி நான்தான், சொசைட்டியில், அதாவது கட்டடத்து வீட்டுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தில், பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், இனிமேல் என்ன இருக்கிறது? நானும் ஐந்து வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் கணவர் 2019 ஆகஸ்டில் காலமானார். வீடு 1992-ல் அவர் சம்பளத்தில், அவர் பெயரில் மட்டும் வாங்கியது. காரியமெல்லாம் முடிந்து திருநெல்வேலியிலிருந்து திரும்பியதும் சொசைட்டி செக்ரட்டரியைப் போய்ப் பார்த்தேன். இறப்புச் சான்றிதழ், விண்ணப்பம், பின்னால் ஏதும் பிரச்சினை வந்தால் நானே பொறுப்பு என்று பத்திரத்தாளில் ஒரு இண்டெம்னிட்டி பாண்ட், அவ்வளவுதான் கேட்டார். இரண்டு மாதத்தில் ஷேர் சர்டிஃபிகேட், அதாவது சொசைட்டியில் நமக்குள்ள பங்கைக் காட்டும் தாள், திரும்பி வந்தது. முன்பக்கம், ஐம்பது ரூபாய்ப் பங்கு ஐந்து, ஆக மொத்தம் 250 ரூபாய் என்று அச்சடித்திருக்கும். பின்பக்கம் கட்டம் போட்ட இடத்தில் நீல மையில் என் பெயர். பக்கத்தில் சேர்மன், செக்ரட்டரி, பொருளாளர் கையெழுத்து, அதன்மேல் சொசைட்டி முத்திரை. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி அலமாரியில் வைத்தேன். வீடு என் பெயருக்கு வந்துவிட்டது என்று போன் பேசியவர்களிடமெல்லாம் சொன்னேன்.

2024-ல் எங்கள் கட்டடம் ரீடெவலப்மெண்டுக்குப் போனது. இடித்துக் கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு பில்டரோடு ஒப்பந்தம் பதிய வேண்டும். என் முறை வந்தபோது பில்டர் பக்கத்து வக்கீல் காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் கணவர் இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா?"

இருந்தார். 2021 ஜனவரியில்தான் அத்தை போய்ச் சேர்ந்தார். நான் அதைச் சொன்னதும் வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். எல்லோருக்கும் சம பங்கு. அப்பா அந்த வகுப்பில் வரமாட்டார், அம்மா வருவார். ஆக 2019-லேயே எங்கள் வீட்டில் நான்கில் ஒரு பங்கு எனக்கு, ஒன்று மகனுக்கு, ஒன்று மகளுக்கு, ஒன்று அத்தைக்கு. பாளையங்கோட்டையில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "பிள்ளைகளைப் பாத்துக்கோம்மா" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்த அத்தைக்கு, செம்பூரில் தனக்குக் கால் பங்கு வீடு இருப்பது தெரியாது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு வெள்ளைத்தாள் கொடுத்திருந்தால்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் இறந்ததும் அந்தக் கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போய்விட்டது. கொழுந்தனார் ஒருவர், நாத்தனார் இருவர், இறந்துபோன மூத்த மகனின் இடத்தில் என் பிள்ளைகள். தலைக்குப் பதினாறில் ஒன்று. வீசம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கணக்குச் சொல்வார்களே, அதுதான். மூன்று வீசம் வெளியூரில் இருந்தது. எங்கள் கட்டடத்தில் இருபத்து மூன்று வீடும் கையெழுத்துப் போட்டுவிட்டு என் ஒருத்திக்காகக் காத்திருந்தது.

சொசைட்டி மாற்றிக் கொடுத்த பெயருக்கு அப்படியானால் என்ன மதிப்பு? மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 2019-ல் வீட்டு வசதிச் சங்கங்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். வாரிசுகள் முறைப்படி உறுப்பினராகும் வரை நாமினி என்பவர் தற்காலிக உறுப்பினர்தான், புரோவிஷனல் மெம்பர் என்கிறது அது. 2016-ல் உச்ச நீதிமன்றமும், நாமினி பெயருக்குப் பங்கை மாற்றித் தர வேண்டியது சங்கத்தின் கடமை, ஆனால் வாரிசுகள் தங்கள் உரிமையைத் தனியாகக் கேட்க வழி இருக்கிறது என்றுதான் சொன்னது. சாவி, மெயின்டனன்ஸ் பில், மீட்டிங்கில் ஓட்டு, இதற்கெல்லாம் நாமினி பெயர் உதவும். விற்கவோ அடமானம் வைக்கவோ பில்டரோடு ஒப்பந்தம் போடவோ போனால் வாரிசுகள் எங்கே என்று கேட்பார்கள். என் சர்டிஃபிகேட்டில் "தற்காலிகம்" என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் நான் அன்றைக்கே விசாரித்திருப்பேன். செக்ரட்டரி கெட்டவர் இல்லை, அவருக்கும் தெரியவில்லை.

சரி, தீர்வு என்ன? விடுதலைப் பத்திரம். இங்கே ரிலீஸ் டீட் என்றால்தான் புரியும். "என் பங்கை இன்னாருக்கு விட்டுக்கொடுக்கிறேன்" என்று ஒவ்வொரு வாரிசும் எழுதிக் கையெழுத்திட்டு சப் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிய வேண்டும். ஆட்சேபணை இல்லை என்று நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட என்.ஓ.சி. போதும் என்று கோயிலில் ஒரு அம்மா அடித்துச் சொன்னார். போதாது. வீட்டில் இருக்கும் உரிமையை விடுவது 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிய வேண்டிய விஷயம். கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று ஊரிலிருந்து யோசனை சொல்வார்கள். அது தமிழ்நாட்டு நடைமுறை. இங்கே அந்தச் சான்றிதழுக்கு நீதிமன்றம் போக வேண்டும். அதற்கான சட்டம் 1827-ல் போட்டது. எங்கள் வீட்டில் சண்டை ஏதும் இல்லாததால் அந்த வழிக்குப் போகாமல் விடுதலைப் பத்திரத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்றார் என் வக்கீல்.

கொழுந்தனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மதினி, எந்த ரயில்ல வரணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னபடியே தாதரில் வந்து இறங்கினார். மறுநாள் என் மகன், மகள், அவர், நான், சாட்சிக்கு இரண்டு பேர், எல்லோரும் சப் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பெருவிரலை மெஷினில் வைக்கச் சொன்னார்கள். கொழுந்தனாருக்கு ரேகை விழவில்லை. நாற்பது வருடம் அச்சகத்தில் எழுத்துக் கோத்த விரல். ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. அந்த ஊழியர், மராட்டிக்காரப் பையன், எழுந்து வந்து ஈரத்துணியால் அவர் விரலைத் துடைத்து, தன் கையாலேயே அழுத்திப் பிடித்தான். நாலாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது. "அண்ணன் வீடு அண்ணன் பிள்ளைகளுக்குத்தானே" என்று கொழுந்தனார் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பெரிய நாத்தனார் கோவில்பட்டியில் இருக்கிறார். மூட்டு வலி, பயணம் முடியாது. அவர் தன் ஊர் சப் ரிஜிஸ்ட்ரார் முன்னிலையில் தனக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை என் மகனுக்குப் பவர் பத்திரமாக எழுதிக் கொடுத்தார். பதிவுக்குப் பயன்படுத்தும் பவர், கொடுப்பவர் குடியிருக்கும் பகுதி சப் ரிஜிஸ்ட்ராரிடம் உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும்.

சின்ன நாத்தனார் மஸ்கட்டில். அவர் மூன்று மாதம் பதில் சொல்லவில்லை. பிறகு, அந்தப் பங்கு இன்றைய விலையில் எவ்வளவு வரும் என்று அவர் வீட்டுக்காரர் கேட்டார். உறவினர்கள் பலர் அதைப் பேராசை என்றார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சட்டப்படி அது அவருடைய பங்கு. கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. அத்தை இருந்தபோதே நாங்கள் செய்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கும் சங்கடம் அவருக்கும் வந்திருக்காது. கடைசியில் மனமுவந்து சம்மதித்தார். அங்கிருக்கும் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பவர் போன மாதம் வந்து சேர்ந்தது. வெளிநாட்டுப் பவர் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரை வரி கட்டிவிட வேண்டும்.

இன்னும் சில கேள்விகளும் அடிக்கடி வருகின்றன. கல்யாணமாகிப் போன பெண்ணுக்கும் பங்கு உண்டா என்றால், அப்பா சுயமாகச் சம்பாதித்த வீட்டில், உயில் இல்லாவிட்டால், 1956-லிருந்தே உண்டு. பெயர் மாற்ற, கட்டணம் போக பிரீமியம் என்று தனியாக ஒரு தொகை கேட்கும் சொசைட்டிகளும் இருக்கின்றன. ஒரு தோழியிடம் ஐம்பதாயிரம் கேட்டிருக்கிறார்கள். மும்பையில் வீட்டை வெளியாருக்கு விற்றால்கூடச் சொசைட்டி வாங்கக்கூடிய உச்சவரம்பு 25,000 ரூபாய். வாரிசுக்கும் குடும்பத்தாருக்கும் மாற்றும்போது பிரீமியமே கிடையாது, 500 ரூபாய் மாற்றுக் கட்டணமும் 100 ரூபாய் நுழைவுக் கட்டணமும்தான். உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்குத் தானமாக எழுதிவைத்தால் குடியிருப்பு வீட்டுக்கு இந்த மாநிலத்தில் முத்திரை வரி 200 ரூபாய்தான். மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளைகள், இறந்த மகனின் மனைவி வரைக்கும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் தானம் கொடுத்தபின் வீடு அவர்களுடையது. அதை யோசித்துச் செய்யுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், பதிவு செய்வது நம் விருப்பம். என் கணவர் ஒரு பக்கத்தில் உயில் எழுதியிருந்தால் இத்தனையும் இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் யார் நினைப்பார்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். மும்பைப் பதிப்பில் மாதம் ஒரு தடவையாவது, இந்த மாநிலச் சட்டம் தெரிந்த தமிழ் வக்கீல் ஒருவரைக் கொண்டு வீட்டுப் பத்திரக் கேள்விகளுக்குப் பதில் போடுங்கள். தாராவி, சயான், முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கேயும் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். ஆங்கிலத்திலும் மராட்டியிலும் எழுதிய காகிதத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். சொசைட்டி செக்ரட்டரியாக இருக்கும் தமிழ் அன்பர்களுக்கும் சொல்கிறேன்: நாமினி பெயரை எழுதும்போது பக்கத்தில் "தற்காலிகம்" என்றும் எழுதுங்கள். இறந்தவருடைய அம்மா இருக்கிறாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மஸ்கட் பவரை எடுத்துக்கொண்டு வரும் செவ்வாய்க்கிழமை முத்திரை அலுவலகம் போகிறேன். அதன்பிறகு நாத்தனார் இருவருக்காகவும் என் மகன் கையெழுத்துப் போடுவான். பதிவானதும் இண்டெக்ஸ் டூ என்று ஒரு தாள் தருவார்கள். அதில் கொடுத்தவர்கள் பெயர், வாங்கியவர் பெயர், வீட்டு விவரம் எல்லாம் மராட்டியில் இருக்கும். அது கைக்கு வந்ததும் பில்டர் ஒப்பந்தம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை