பெட்ஷீட்டுக்கு அலங்காரப் பொருள் கமிஷன், 8 சென்டிமீட்டர் பாக்கெட்டுக்கு 18 சென்டிமீட்டர் ஷிப்பிங்: விற்பனையாளர் கட்டணம் குறித்த புகார்

அனுப்புநர்: பெட்ஷீட் உற்பத்தியாளர் மற்றும் விற்பனையாளர், கரூர்.

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், விற்பனையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கட்டண அட்டைக்கு மாறாகப் பிடித்த கமிஷன், ஃபிக்ஸட் ஃபீ, ஷிப்பிங், ரிட்டர்ன் கட்டணங்களைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் ஆன்லைன் விற்பனைத் தளத்தில் புகார் டிக்கெட் போட்டு, சாட்டில் காத்திருந்து, போனில் பேசி, எல்லா டிக்கெட்டும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உண்மையில் ஒன்றுகூடத் தீரவில்லை. கட்டணம் தரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நீங்களே வெளியிட்ட கட்டண அட்டை எதைச் சொல்கிறதோ அதைப் பிடியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரே ஒரு ஆர்டரைப் பாருங்கள். டபுள் காட் காட்டன் பெட்ஷீட், இரண்டு தலையணை உறையோடு, விலை 5% ஜிஎஸ்டி உட்பட 999 ரூபாய். டெலிவரிக்கென்று வாடிக்கையாளர் உங்களுக்குத் தனியாக 40 ரூபாய் கட்டியிருக்கிறார். உங்கள் அட்டைப்படி பெட்ஷீட்டுக்குக் கமிஷன் 9%, அதாவது 89.91. விலை 501 முதல் 1,000 வரை இருந்தால் ஃபிக்ஸட் ஃபீ, அதாவது ஒவ்வொரு ஆர்டருக்கும் பிடிக்கும் நிலையான கட்டணம், 30. வெளிமாநில ஷிப்பிங் முதல் 500 கிராமுக்கு 62, பிறகு ஒவ்வொரு 500 கிராமுக்கும் 20. இந்த பாக்கெட் 2 கிலோ எடைப் படியில் (ஸ்லாப்) வரும், அதனால் 122. மூன்றும் சேர்ந்து 241.91. அதன் மேல் 18% ஜிஎஸ்டி 43.54. ஆக 285.45. நீங்கள் பிடித்திருப்பது 511.94. ஒரு பெட்ஷீட்டில் மட்டும் 226 ரூபாய் 49 காசு கூடுதல்.

உங்கள் கட்டணக் கால்குலேட்டரில் இதே பொருளை இன்றைக்குப் போட்டாலும் 285.45 என்றுதான் காட்டுகிறது. உங்கள் கால்குலேட்டர் ஒன்று சொல்கிறது, எனக்குப் பணம் அனுப்பும்போது நீங்கள் தரும் செட்டில்மென்ட் கணக்கு வேறொன்று சொல்கிறது. இரண்டையும் செய்தது நீங்கள்தான். இதில் எது சரி என்று விற்பவன் ஏன் நிரூபிக்க வேண்டும்?

கமிஷனில் நடந்தது இது. 2025 செப்டம்பர் 22 முதல் துணிப் பொருட்களுக்கான 5% வரி வரம்பு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாக உயர்ந்தது. அந்த வாரம் நீங்கள் எல்லா லிஸ்டிங்கிலும் வரிக் குறியீட்டை மொத்தமாக மாற்றினீர்கள். 999 ரூபாய் பொருளுக்கு அதற்கு முன்பும் 5%, பின்பும் 5%. அதைத் தொட்டிருக்கவே வேண்டாம். தொட்டதும் என் பெட்ஷீட்களின் ஹெச்எஸ்என் என்ற பொருள் வகைக் குறியீடு 6302-லிருந்து 6304-க்குப் போய்விட்டது. 6302 என்பது படுக்கை, மேஜை, குளியல் துணிகள். குஷன் கவர் போன்ற மற்ற அலங்காரத் துணிகள் 6304-ல் வரும். வரி இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் உங்கள் சிஸ்டத்தில் 6304 என்றாலே ‘ஹோம் டெகோர்’, அதற்குக் கமிஷன் 15%. கேட்டகரியை மாற்றலாம் என்றால் அந்தக் கட்டம் பூட்டிக் கிடக்கிறது. எக்செல் டெம்ப்ளேட்டில் திருத்தி அப்லோடு செய்தால் ‘அனுமதி இல்லை’ என்று எரர் வருகிறது. வாடிக்கையாளருக்கு என் பெயரில் நீங்கள் போடும் பில்லிலும் 6304 என்றே அச்சாகிறது. நான் தாக்கல் செய்யும் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ல் ஹெச்எஸ்என் பட்டியல் ஒன்று, பில்லில் வேறொன்று என்றால் வரி அலுவலகத்துக்குப் பதில் சொல்லப் போவது நீங்களா, நானா?

அடுத்தது அந்த 40 ரூபாய். அது என் கைக்கு வருவதே இல்லை, டெலிவரிக்கென்று நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கமிஷன் கணக்குக்கு வரும்போது அதையும் என் விற்பனை விலையில் கூட்டி 1,039 என்று வைக்கிறீர்கள். 15% கமிஷன் 155.85 ஆகிறது. அதைவிட மோசம், 1,000-ஐத் தாண்டிவிட்டதால் ஃபிக்ஸட் ஃபீ 30-லிருந்து 56-க்குப் போகிறது. 999 என்று விலை வைப்பதே அந்த ஸ்லாபுக்குள் நிற்கத்தான். உங்கள் விற்பனையாளர் பயிற்சி வீடியோவிலேயே அப்படி விலை வையுங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

இதையெல்லாம் போனில் பொறுமையாக விளக்கியபோது உங்கள் சப்போர்ட்டில் பேசியவர் சொன்ன பதில்: “அது கவர்மென்ட் டாக்ஸ் சார். கவர்மென்ட்டப் போய்க் கேளுங்க.” நான் கணக்கு சொன்னேன். ஜிஎஸ்டிக்காக நீங்கள் என் பணத்தில் பிடிக்கும் டிசிஎஸ் 2024 ஜூலை 10 முதல் 0.5%. வரி நீங்கலான 951.43-க்கு 4.76. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 194-ஓ பிரிவில் வருமான வரிக்காகப் பிடிக்கும் டிடிஎஸ் 2024 அக்டோபர் 1 முதல் 0.1%. அது ஒரு ரூபாய்க்கும் குறைவு. இரண்டும் சேர்ந்து ஆறு ரூபாய் வராது. தவிர, டிசிஎஸ் நீங்கள் அதற்கான ஜிஎஸ்டிஆர்-8 கணக்கைத் தாக்கல் செய்து, நான் போர்ட்டலில் ஏற்றுக்கொண்டதும் என் ஜிஎஸ்டி கேஷ் லெட்ஜருக்கு வந்துவிடும், டிடிஎஸ் என் வருமான வரிப் பிடித்தப் பட்டியலான 26ஏஎஸ்-ல் தெரியும். இரண்டும் எனக்கு வர வேண்டிய பணம். ஆறு ரூபாயைக் காட்டி 226 ரூபாய்க்கு எப்படிப் பதில் சொல்ல முடியும் என்று கேட்டேன். அதற்கு அவர், “ஃபீஸ் கட்ட முடியலன்னா விக்காதீங்க. உங்கள யாரும் கூப்பிடலயே” என்றார். அதே அழைப்பில் டிக்கெட்டை ‘விற்பனையாளருக்கு விளக்கப்பட்டது’ என்று எழுதி மூடினார். அழைப்புப் பதிவு உங்களிடம் இருக்கும். தயவுசெய்து நீங்களே ஒருமுறை போட்டுக் கேளுங்கள். விற்பவனிடம் பேசும் முறை இதுதான் என்று உங்கள் நிர்வாகம் நினைத்தால் அதை எழுத்தில் கொடுங்கள்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். பெட்ஷீட் செட்டின் உண்மை எடை 1.15 கிலோ. பாக்கெட் 38, 30, 8 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் பருமன் எடை 1.824 கிலோ. உண்மை எடை, பருமன் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் என்பது உங்கள் விதி. எனக்கும் சம்மதம், அதனால்தான் 2 கிலோ ஸ்லாப் என்று கணக்குப் போட்டேன். உங்கள் பார்சல் மையமான ஹப் 38, 30, 18 என்று பதிந்திருக்கிறது. 8 என்பது 18 ஆனதும் பருமன் எடை 4.104 கிலோ, ஸ்லாப் 4.5 கிலோ, ஷிப்பிங் 222. ஒரு ‘1’ சேர்ந்ததற்கு 100 ரூபாய், ஜிஎஸ்டியோடு 118. நான்கு கிலோவுக்குப் பெட்ஷீட் செட் இருந்தால் அதைப் போர்த்திக்கொண்டு யாரால் தூங்க முடியும்?

ஆதாரம் கேட்டதற்கு நீங்கள் அனுப்பிய ஸ்கேனர் படத்தை உங்கள் டெக்னிக்கல் ஆட்கள் யாராவது பெரிதாக்கிப் பார்த்தார்களா? பாக்கெட்டின் இடது ஓரம் பெல்ட்டில் படவே இல்லை. அதற்கு அடியில் வேறு யாருடையதோ ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது, பழுப்பு நிறம், மூலையில் ‘உடையக்கூடியது’ ஸ்டிக்கர். என் பாக்கெட் அதன் மேல் சாய்ந்து நிற்கிறது. அந்த மெஷின் பெல்ட்டிலிருந்து மிக உயரமான புள்ளி வரை அளக்கும். சாய்ந்து நிற்கும் பாக்கெட்டுக்கு 18 வராமல் என்ன வரும்? பாக்கெட் தட்டையாக, தனியாகப் பெல்ட்டில் இருந்தால் மட்டுமே அந்த அளவு செல்லும். பாலிபேக்கில் காற்று நின்றால்கூட இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடக் காட்டும். அதற்காகவே நாங்கள் காற்றை அழுத்தி எடுத்துவிட்டுத்தான் டேப் ஒட்டுகிறோம்.

எடையில் தகராறு எழுப்ப 7 நாள் கெடு என்கிறீர்கள். கெடு ஹப்பில் அளந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. எனக்கு அது தெரிய வருவதோ செட்டில்மென்ட் ரிப்போர்ட்டில். அது வரும்போது 7 நாள் கழிந்துவிடும். அதிலும் ‘இதர சரிக்கட்டல்’ என்று ஒரே வரியில் மொத்தத் தொகை, ஆர்டர் எண் கிடையாது. எந்த ஆர்டருக்கு எவ்வளவு என்பதை வங்கியில் வந்த பணத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சாம்பிள் பாக்கெட்டை நேரில் கொண்டுவந்து அளந்து காட்டுங்கள் என்று உங்கள் சாட்டில்தான் சொன்னார்கள். கரூரிலிருந்து கோவை ஹப்புக்குப் போனால், கேட்டிலேயே “இங்க அளக்க மாட்டோம், ஆன்லைன்ல கேஸ் போடுங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். சாட்டில் வந்த மெசேஜைக் காட்டினேன், வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்து கேஸ் போட்டால் ‘ஹப்பை அணுகவும்’ என்று பதில். உங்கள் ஹப்பும் உங்கள் சாட்டும் ஒரே கம்பெனிதானே? ஒரு நாள் தறி வேலையும் பஸ் செலவும் போனதற்கு யார் பொறுப்பு? “உங்கள யாரும் கூப்பிடலயே” என்றாரே அந்த மனிதர், கோவைக்கு என்னைக் கூப்பிட்டது உங்கள் கம்பெனிதான்.

ரிட்டர்ன் கட்டணத்திலும் இதே கதைதான். டெலிவரி ஆகாமல் திரும்பும் ஆர்டிஓ-வுக்கு விற்பவரிடம் ரிவர்ஸ் ஷிப்பிங் (திரும்பக் கொண்டுவரும் கட்டணம்) கிடையாது, வாடிக்கையாளர் வாங்கிப் பார்த்துத் திருப்பினால் மட்டுமே உண்டு என்பது உங்கள் கொள்கை. கேஷ் ஆன் டெலிவரியில் கதவு பூட்டியிருந்ததால் திரும்பிய பாக்கெட்டுகள் டேப் பிரியாமல், கூரியர் ஸ்டிக்கரில் ‘வீடு பூட்டியுள்ளது’ என்ற குறிப்போடு என்னிடம் வந்து கிடக்கின்றன. உங்கள் பேனலில் அவை ‘வாடிக்கையாளர் ரிட்டர்ன், காரணம்: தரம்’ என்று இருக்கின்றன. பிரிக்காத பாக்கெட்டுக்குள் தரத்தை யார் பார்த்தார்கள்? இதனால் ரிவர்ஸ் ஷிப்பிங் போவது ஒரு நஷ்டம். ரிட்டர்ன் விகிதம் கூடி லிஸ்டிங் கீழே இறங்குவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

கட்டணத்தின் மேல் போடும் 18% எனக்கு உள்ளீட்டு வரியாக, அதாவது நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, திரும்பிவிடும் என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். 5% வரியில் விற்பவனுக்கு அது அப்படித் திரும்பாது. இந்த ஒரு பெட்ஷீட்டுக்கு நான் வசூலிக்கும் வரி 47.57. உங்கள் கட்டணத்தின் மேல் வரும் வரி மட்டுமே 78.09. மிச்சம் கிரெடிட் லெட்ஜரில் தேங்கி நிற்கும். ஜிஎஸ்டி விதி 89(5)-ன்படி தலைகீழ் வரி (விற்பனைக்கான வரி விகிதத்தைவிட உள்ளீட்டு வரி விகிதம் அதிகமாக இருப்பது) ரீஃபண்ட் கேட்டாலும் பொருட்களுக்கான உள்ளீட்டு வரிதான் கணக்கில் வரும், சேவைக்கான வரி வராது. உச்ச நீதிமன்றமும் 2021-ல் அந்த விதியை உறுதி செய்துவிட்டது. ஆக நீங்கள் தப்பாகப் பிடிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயும் எனக்கு 118 ரூபாய்தான்.

நூல், நெசவு, சாயம், தையல், பேக்கிங் எல்லாம் சேர்த்து ஒரு செட்டுக்கு எனக்கு அடக்கம் 560 ரூபாய். டிசிஎஸ், டிடிஎஸ் உட்பட எல்லாப் பிடித்தமும் போக உங்களிடமிருந்து வருவது 481.35. தீபாவளி சீசன் முழுவதும் இப்படியே போனதால் இந்த வருடத் தொழிலே படுத்துவிட்டது. தையல்காரர்களுக்குப் போனஸ் கொடுக்கக்கூடக் கையில் பணம் இல்லை. உங்களுக்கு இது ஒரு டிக்கெட் எண். இங்கே இது பல குடும்பங்களின் சாப்பாடு.

நான் கேட்பவை அதிகமில்லை. எல்லா லிஸ்டிங்கையும் 6302-க்கும் பெட்ஷீட் கேட்டகரிக்கும் திருப்புங்கள். செப்டம்பர் 22 முதல் வந்த எல்லா ஆர்டருக்கும் கமிஷனை 999 ரூபாய்க்கு 9% என்று மறுகணக்கிடுங்கள், ஃபிக்ஸட் ஃபீயை 30-க்குக் கொண்டுவாருங்கள். எடை வித்தியாசம் காட்டிய ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஸ்கேனர் படத்தை ஆர்டர் எண்ணோடு அனுப்புங்கள். படம் இல்லாதவற்றுக்கு 2 கிலோ ஸ்லாபே செல்லும். பூட்டிய வீட்டிலிருந்து திரும்பியவற்றை ஆர்டிஓ என்று மாற்றிப் பணத்தையும் ரிட்டர்ன் விகிதத்தையும் சரிசெய்யுங்கள். திருப்பித் தருவதை ‘நல்லெண்ணத் தொகை’ என்று வாலட்டில் போட வேண்டாம். ஜிஎஸ்டி சட்டம் 34-ம் பிரிவின்படி கிரெடிட் நோட்டாகக் கொடுங்கள், அப்போதுதான் என் உள்ளீட்டு வரியைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி கணக்கும் உங்கள் இன்வாய்ஸும் ஒத்துப்போகும்.

2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளில் வாங்குபவரின் புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்று இருக்கிறது. நான் விற்பவன், நுகர்வோர் இல்லை, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்ய முடியாது என்று உங்கள் ஆட்கள் தைரியமாக இருக்கலாம். ஆனால் உங்கள் விற்பனையாளர் ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் கிரெடிட் நோட் வராவிட்டால் 1996-ம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டம் 21-ம் பிரிவின் கீழ் என் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புவார். இதே கேட்டகரி மாற்றத்தால் பாதிக்கப்பட்ட மற்ற கரூர் விற்பனையாளர்களையும் சேர்த்துக்கொண்டு இந்தியப் போட்டி ஆணையத்துக்கும் எழுதுவேன். அந்த அழைப்புப் பதிவை அழித்துவிடாமல் பாதுகாத்து வைக்கும்படி இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை போக வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. உங்கள் தளத்தில் தொடர்ந்து விற்கத்தான் விரும்புகிறேன். கணக்குத் தெரிந்த ஒருவரை, முடிந்தால் தமிழில் பேசுபவரை, என்னிடம் பேசச் சொல்லுங்கள். மூடிய டிக்கெட்டுகளை அவரே திறந்து, இணைப்பில் உள்ள எக்செல் ஷீட்டை வரிக்கு வரி பார்த்தாலே போதும். “கவர்மென்ட் டாக்ஸ்” என்று சொன்ன அதே நபரிடம் மட்டும் திரும்ப அனுப்பிவிட வேண்டாம்.

இணைப்பு: ஆர்டர் வாரியான கட்டண ஒப்பீடு, அளவு நாடாவோடு எடுத்த பாக்கெட் படங்கள், நீங்கள் அனுப்பிய ஸ்கேனர் படம், பிரிக்காத பாக்கெட்டுகளின் கூரியர் ஸ்டிக்கர் படங்கள், கோவை ஹப்புக்குப் போகச் சொன்ன சாட் பதிவு.

இப்படிக்கு,
உங்கள் தளத்தின் பெட்ஷீட் விற்பனையாளர்,
கரூர்.