கட்டிலை விட்டு ஓடாதே

அன்புள்ள மகளுக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். முழங்கையில் வரிசையாகத் தடிப்பு, மெத்தையின் தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளி, அதை ஈரத் துணியால் தொட்டால் பழுப்பாகத் தீற்றிக்கொள்கிறது என்கிறாய், அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், மூட்டைப்பூச்சிதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. அதற்கு வேண்டியது உன் ரத்தம், அழுக்கு இல்லை. பளபளவென்று துடைத்து வைத்த வீட்டிலும் அது சுகமாக இருக்கும். யாரோ ஒருவருடைய பெட்டியிலோ பழைய நாற்காலியிலோ ஏறி வந்திருக்கும். இறக்கை கிடையாது, தாவவும் தெரியாது, நடந்தும் ஒட்டிக்கொண்டும்தான் வரும்.

ஆனால் ஒன்று சொன்னாயே, ஹாலில் சோபாவில் படுக்கிறேன் என்று, அதை இன்றோடு நிறுத்து. நாம் விடும் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் வைத்துத்தான் அது நம்மைத் தேடி வருகிறது. நீ இடம் மாறினால் சில அங்கேயும் வரும், மற்றவை கட்டில் இடுக்கிலேயே காத்திருக்கும், சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கக்கூடிய பிராணி அது. ஓர் அறையில் இருந்த தொல்லையை இரண்டு அறைக்கு நீயே கொண்டு போவதுதான் மிச்சம். உன் கட்டிலிலேயே படு, அதைப் பூச்சி ஏறமுடியாத இடமாக மாற்று. கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனால் இது ஒன்றைச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடு. போர்வை தரையைத் தொடக்கூடாது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் வழவழப்பான உள்சுவர் உள்ள கிண்ணம் ஒன்றை வை, விழுந்த பூச்சியால் வழுக்கும் சுவரில் ஏறமுடியாது, தினமும் எத்தனை விழுந்திருக்கிறது என்று பார்த்தால் கூடுகிறதா குறைகிறதா என்றும் தெரியும். மெத்தைக்கு முழுவதும் மூடி ஜிப் போடுகிற உறை கிடைக்கும், வாங்கிப் போட்டு ஒரு வருஷம் திறக்காதே. உள்ளே இருப்பவை அங்கேயே பட்டினியில் சாகட்டும்.

அதற்கு முன்னால் தேடிப் பிடிக்கும் வேலை இருக்கிறது, டார்ச் எடுத்துக்கொள். வளர்ந்தது 5 முதல் 7 மில்லிமீட்டர், ஆப்பிள் விதை போல இருக்கும். முட்டை வெள்ளையாக 1 மில்லிமீட்டர்தான், பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். மெத்தையின் தையல், கட்டில் பலகை சேருமிடம், ஸ்க்ரூ ஓட்டை, தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம், இவைதான் முதலில். அப்புறம் சுவரில் மாட்டிய படம், சுவிட்ச் போர்டு ஓரம், திரைச்சீலை மடிப்பு. சோபாவையும் கவிழ்த்துப் போட்டு அடித்துணியைப் பார், நீ அங்கே படுத்திருக்கிறாயே. வாக்குவம் கிளீனரால் எல்லா இடுக்கையும் இழுத்துவிட்டு, அந்தக் குப்பையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி உடனே வீட்டுக்கு வெளியே போடு.

மூட்டைப்பூச்சிக்கு எமன் சூடு. 50 டிகிரிக்கு மேல் போனால் பூச்சியும் முட்டையும் தாங்காது. அதனால் துணிமணி, விரிப்பு எல்லாவற்றையும் 60 டிகிரி தண்ணீரில் துவை, ட்ரையர் இருந்தால் உச்ச சூட்டில் அரை மணி நேரம் ஓட்டு. துணியை அறையிலேயே பையில் கட்டித்தான் எடுத்துப்போக வேண்டும், கையில் அள்ளிக்கொண்டு நடந்தால் வழியெல்லாம் உதிரும். கட்டில் இடுக்குக்கு ஸ்டீமர் நல்லது, நிதானமாக நகர்த்தினால்தான் சூடு உள்ளே இறங்கும். மெத்தையை வெயிலில் போட்டால் போதும் என்பார்கள், நான் நம்பமாட்டேன், பூச்சி நிழல் பக்கம் போய் ஒளிந்துகொள்ளும்.

மருந்து விஷயத்தில் எனக்குப் பயம் உன்னைப் பற்றித்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்று ஒரு பழமொழி உண்டு, மண்ணெண்ணெய் தெளிப்பவர்கள் நிஜமாகவே அதைத்தான் செய்கிறார்கள். தானியத்துக்கு வைக்கிற விஷ மாத்திரையைப் படுக்கையறையில் வைக்கவே வைக்காதே, அந்தப் புகையில் ஆளே செத்திருக்கிறார்கள். அறை முழுக்கப் புகை போடும் டப்பாவும் வீண், இடுக்குக்குள் போகாது. கடையில் விற்கும் ஸ்ப்ரே பலவற்றுக்கு இப்போது பூச்சி பழகிவிட்டது. 1940களில் டிடிடி என்ற பூச்சிமருந்து வந்தபோதும் சில வருஷத்திலேயே அதைத் தாங்குகிற பூச்சிகள் கிளம்பின. கிண்ணத்தில் எண்ணிக்கை குறையவில்லை என்றால் பெஸ்ட் கண்ட்ரோல் ஆட்களைக் கூப்பிடு, ஆனால் ஒரே தடவையில் முடித்துத்தருகிறோம் என்பவர்களை நம்பாதே. பெரும்பாலான மருந்து முட்டையைக் கொல்லாது, அது ஒன்று இரண்டு வாரத்தில் பொரியும், அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி வரவேண்டும். வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடு. சுவர் ஓட்டை வழியாக அங்கிருந்தே வந்துகொண்டிருந்தால் நீ மட்டும் மெனக்கெட்டுப் பயனில்லை.

உன் அறைத்தோழிக்குத் தடிப்பு இல்லை, அதனால் அவள் கட்டிலில் பூச்சி இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்லமுடியாது, சிலருக்குக் கடித்தாலும் உடம்பு காட்டாது. அவள் கட்டிலையும் பார். இந்தப் பூச்சி நோய் எதுவும் பரப்புவதாகத் தெரியவில்லை, அந்தக் கவலை வேண்டாம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவு, சொறியாதே, அரிப்புக்குக் கேலமைன் லோஷன் தடவு, சீழ் பிடித்தாலோ முகம் வீங்கினாலோ டாக்டரிடம் போ.

அப்புறம், இது அடங்குவதற்குள் வீட்டுக்கு வருவதாக இருந்தால் தாராளமாக வா, பெட்டி மட்டும் வாசலோடு நிற்கட்டும். துணி நேரே வாஷிங் மெஷினுக்குப் போகும், நீ நேரே குளிக்கப் போவாய்.

அன்புடன்,
அம்மா