பச்சைப் புள்ளி போட்ட டப்பாவில் ஜெலட்டின்: பதில் கேட்டு நான்காவது கடிதம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்.

பொருள்: "100 சதவீதம் வெஜிடேரியன்" என்று அச்சிட்ட வைட்டமின் பி12 கேப்சூல் டப்பாவில் ஜெலட்டின் கூடு இருந்தது பற்றியும், தங்கள் கஸ்டமர் கேர் ஊழியர் என்னிடம் பேசிய விதம் பற்றியும்.

ஐயா,

வணக்கம். இதற்கு முன் மூன்று கடிதங்களை மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றுக்கும் வந்தது ஒரே பதில்தான். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், 72 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்." அந்த 72 மணி நேரம் எத்தனையோ தடவை வந்து போய்விட்டது. ஒருவரும் கூப்பிடவில்லை. அதனால்தான் இந்தத் தடவை கையால் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

எந்தப் பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பி12-உம் டி3-உம் சேர்ந்த, பச்சை மூடி போட்ட அந்த 30 கேப்சூல் டப்பாதான். விலை 649 ரூபாய். போன வருஷம் ஆடி மாதத்திலிருந்து எங்கள் ஊர் மெடிக்கலில் சொல்லிவைத்து மாதம் ஒன்று வாங்குகிறேன். முதல் ஆறு டப்பாவிலும் பின்பக்கம் கூடு என்ற இடத்தில் ஹெச்.பி.எம்.சி. என்று இருந்தது. அது செடியின் நாரிலிருந்து செய்வது. ஏழாவது டப்பாவிலும் எட்டாவது டப்பாவிலும் அதே இடத்தில் ஜெலட்டின் என்று இருக்கிறது. முன்பக்கம் மட்டும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதே பச்சைச் சதுரம், அதே பச்சை வட்டம், அதே "100 சதவீதம்". ஜெலட்டின் என்றால் மாட்டின், பன்றியின் எலும்பையும் தோலையும் வேகவைத்து எடுப்பது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

ஏழாவது டப்பா முழுக்கத் தின்று தீர்த்துவிட்டேன். எட்டாவதில் 11. ஆகமொத்தம் 41. ஊரில் 41 நாள் மாலை போட்டு விரதம் இருப்பார்கள். நான் அதே 41 நாள் விலங்கின் எலும்பைத் தினம் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறேன். இதை எழுதும்போதே வயிறு புரட்டுகிறது.

இனி உங்கள் ஊழியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். போன மாதம் 14-ஆம் தேதி, மதியம் மூன்றே கால் மணி இருக்கும். அது நான் பேசிய ஐந்தாவது போன். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், டிக்கெட் நம்பர் சொல்ல வேண்டும், பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் பேசிய பெண் "ஜெலட்டின் வெஜ்தான் மேடம், அது கெமிக்கல்" என்றாள். அதற்கும் முன்னால் ஒருவர் "கடல்பாசியிலிருந்து எடுக்கிறது" என்றார். கடல்பாசி என்பது அகர் அகர், அது வேறு. இந்த 14-ஆம் தேதி ஆள் என்ன கேட்டார் தெரியுமா? "மேடம், நீங்க பிறவியிலேயே சைவமா? எந்த ஆளுங்க?"

இல்லை, நானாக விட்டது, பதினாலு வருஷம் ஆகிறது என்றேன். அதற்கு அவர், "அப்புறம் என்ன மேடம், முன்னாடி சாப்பிட்டதுதானே, உடம்புக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது. உங்கள் போன் எல்லாம் பதிவாகும் என்று நீங்களேதான் ஆரம்பத்தில் சொல்கிறீர்கள். தயவுசெய்து அந்த அழைப்பைப் போட்டுக் கேளுங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் "சைவம்" என்றால் அது ஒரு சாதிப் பேராகவும் ஆகிவிட்டது. பிள்ளைமார் வீட்டில் பிறந்தால் சைவம், மற்றவர் எல்லாம் கறி தின்கிறவர் என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கை நான் பதினாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் "ஏட்டி, நீ எப்போ பிள்ளைமாரு வீட்டுப் பொண்ணு ஆனே?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டால் பொறுத்துக்கொள்வேன், சொந்தம். 649 ரூபாய் வாங்கிக்கொண்டு பொருள் விற்கிற நிறுவனம் கேட்கலாமா?

கேட்டதற்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கறியும் மீனும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. 2011-இல் சித்திரை மாதம் சுடலை மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை ஒரு வருஷம் வளர்த்தது நான். குட்டியாக வந்தது. காலையில் கழுநீர்ப் பானையில் தலையை விட்டுக்கொண்டு நிற்கும். பூவரசு இலை என்றால் உயிர். பள்ளிக்கூடத்துக்கு நான் கிளம்பினால் தெருமுனை வரை பின்னாலேயே வரும். கொடையன்றைக்கு மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போகும்போது, கொட்டுச் சத்தத்தில் மிரண்டு, கூட்டத்துக்குள் என்னைத் தேடிவந்து என் சேலைக்குள் தலையை நுழைத்தது. அவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் வந்த பங்கை நான் தொடவில்லை, அன்றிலிருந்து இன்றுவரை தொடவில்லை. சாமியைக் குறை சொல்லவில்லை, சாப்பிடுகிறவர்களையும் குறை சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் மீன்குழம்பு நான்தான் வைக்கிறேன், தனிச் சட்டி, தனிக் கரண்டி. சத்துணவு மையத்தில் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை என் கையால் எண்ணி அவித்துக் கொடுத்தேன். ஒரு பிள்ளைக்கும் குறைத்ததில்லை. எனக்கு மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்தேன், அவ்வளவுதான்.

அந்த முடிவைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. மேலத்தெரு ஆச்சி ஒருவர்தான் எனக்கு மறுவீட்டுச் சொதி வைக்கச் சொல்லிக்கொடுத்தார். பாசிப்பருப்பை வேகவைத்து, மூன்றாம் தேங்காய்ப் பாலில் காய்களை வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி உடனே இறக்க வேண்டும், கொதிக்க விட்டால் திரிந்துவிடும். கறிக்குழம்பை மறக்க எனக்கு உதவியது அந்தச் சொதியும், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும்தான். வெளியில் வாங்கும் பொருளுக்கு ஒரு நோட்டே போட்டிருக்கிறேன். சத்துணவில் வேலை பார்த்ததால் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதிய கை, லேபிள் படிக்காமல் எதையும் உள்ளே விடாது. லேபிளில் சேர்க்கைப் பொருளுக்கு நம்பர்தான் போட்டிருப்பார்கள். 120 என்றால் பூச்சியிலிருந்து எடுக்கிற சிவப்புச் சாயம். 631 மீனிலிருந்தும் வரலாம், மரவள்ளியிலிருந்தும் வரலாம். 471 எண்ணெயிலிருந்தும் வரலாம், கொழுப்பிலிருந்தும் வரலாம். சில சீஸில் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த பொருள் இருக்கும். இவ்வளவு பார்க்கிறவளை ஏமாற்றியது உங்கள் பச்சைப் புள்ளி. ஆறு டப்பா சரியாக இருந்ததால் ஏழாவதின் பின்பக்கத்தைப் படிக்காமல் விட்டேன், அந்த ஒரு தப்பு என் மேல். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கண்டுபிடித்தது எப்படி என்றும் உங்கள் ஊழியர் கேட்டார். வெயில் காலத்தில் கேப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பழைய டப்பாவில் அப்படி ஆனதே இல்லை. பேத்தி போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இதுல ஜெலட்டின்னு போட்டிருக்கு" என்றாள். எனக்கு நம்ப மனசு வரவில்லை. மகள் வீட்டுக்குப் போனபோது கொண்டுபோன பழைய டப்பாவில் மூன்று மிச்சம் இருந்தது. பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று, இரண்டையும் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டு வெறும் கூட்டை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். பழையது காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்தது. புதியது சுருண்டு, குமிழ் விட்டு, மயிர் கருகுகிற நாற்றம் வந்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரியும். கொடைக்கு மறுநாள் ஆட்டுத் தலையையும் காலையும் நெருப்பில் வாட்டுவார்களே, அதே நாற்றம். இடுக்கியைப் போட்டுவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வண்ணார்பேட்டைக்கு என்னை அலையவிட்டதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆறாவது போனில், டப்பாவை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை 11 மணிக்குள் வண்ணார்பேட்டை டிஸ்ட்ரிபியூட்டர் அலுவலகத்துக்குப் போங்கள், அங்கே மாற்றித் தருவார்கள் என்றார்கள். எனக்கு உள்ளங்கால் எரிச்சல். அதற்காகத்தானே இந்தக் கேப்சூலே. வீரவநல்லூரில் ஏறி, சேரன்மகாதேவியில் கூட்டம் ஏறி, பத்தமடை தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. அங்கே போனால் ஷட்டர் இறக்கியிருக்கிறது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், அவர்கள் தச்சநல்லூருக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது என்றார். ஆட்டோ பிடித்து அங்கே போனேன். அது குடோன். அங்கிருந்த பையன் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஆச்சி, நாங்க பெட்டியை ஏத்துவோம், இறக்குவோம், கம்பெனி சமாச்சாரம் எங்களுக்குத் தெரியாது" என்றான். அவன்மேல் குறை இல்லை. உங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியவில்லை, அதுதான் குறை. வீடு வந்து சேர மணி நான்கு. இரண்டு நாள் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இதற்குப் பரிகாரமாக நீங்கள் அனுப்பியது, அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடிக் கூப்பன்.

உங்களால் எனக்கு ஆன நஷ்டம் இரண்டு டப்பா விலை இல்லை. பதினாலு வருஷம் கட்டிக்காத்ததை 41 நாளில் அழித்துவிட்டீர்கள். கோடி ரூபாய் கொடுத்தாலும் அது திரும்பாது. உடம்பும் போகிறது. போன வருஷம் ரத்தம் பார்த்தபோது பி12 அளவு 138. 200-க்குக் கீழே போகக் கூடாது. பி12 எந்தக் காய்கறியிலும் இல்லை, அதை உண்டாக்குவது நுண்ணுயிர்கள்தான், பழைய சோற்றை நம்பாதீர்கள், நீங்கள் குடிக்கிற காப்பிப் பாலும் போதாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முதலில் ஊசி, அப்புறம் தினம் ஒன்று. கறி தின்னத் தொடங்குங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சைவமாகவே இருக்க வழி சொன்னார். அந்த வழியில்தான் நீங்கள் எலும்பை வைத்தீர்கள். இப்போது உங்கள் கேப்சூலை நிறுத்திவிட்டேன். கால் எரிச்சல் திரும்ப வந்துவிட்டது.

சட்டமும் கொஞ்சம் படித்திருக்கிறேன். விலங்கிலிருந்து வந்த பொருள் சேர்ந்தால், பாலும் தேனும் போன்ற சிலது நீங்கலாக, அது அசைவம். 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி உங்கள் டப்பாவில் இருக்க வேண்டியது பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். சேர்க்கைப் பொருளின் நம்பரை மட்டும் போட்டால் போதாது, தாவரத்திலிருந்தா விலங்கிலிருந்தா என்றும் எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தவறான லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

தங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. முதல் ஆறு டப்பா எனக்கு நன்றாகவே கேட்டது, கால் மரத்துப்போவது நின்றது. அந்தப் பழைய கூட்டையே திரும்பப் போட்டால் மறுபடி உங்களிடமே வாங்குவேன். அதனால் தாழ்மையாகக் கேட்கிறேன். இந்த ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து வந்தது என்று எழுத்தில் சொல்லுங்கள். டி3 ஆட்டுக் கம்பளி மெழுகிலிருந்து எடுத்ததா என்றும் சொல்லுங்கள். கம்பளி கத்தரிப்பதால் ஆடு சாவதில்லை, எனக்கு அதில் அவ்வளவு வருத்தம் இல்லை, ஆனாலும் தெரிந்துதான் சாப்பிட வேண்டும். கடைகளில் இருக்கிற இந்த பேட்ச் டப்பாக்களைத் திரும்ப எடுங்கள், என்னைப் போல எத்தனை பேர் பச்சைப் புள்ளியை நம்பி விழுங்குகிறார்களோ. இரண்டு டப்பாவுக்கு 1,298 ரூபாய், வண்ணார்பேட்டை அலைச்சலுக்குப் பஸ்ஸும் ஆட்டோவும் சேர்த்து 430 ரூபாய், இரண்டையும் என் கணக்கில் போடுங்கள். அந்த 14-ஆம் தேதி ஊழியர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் வேலையை எடுக்க வேண்டாம், பிள்ளைகுட்டிக்காரராக இருக்கலாம். இன்னொருவரிடம் "எந்த ஆளுங்க" என்று கேட்காமல் இருந்தால் போதும்.

கடிதம் கிடைத்து 15 நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் டப்பாவோடு போவேன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன், திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடுவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், அதனால் நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும்.

பில்லும் லேபிளின் படமும் இணைத்திருக்கிறேன். எட்டாவது டப்பாவில் ஒன்றை எரித்துப் பார்த்தது போக 18 கேப்சூல் மிச்சம் இருக்கிறது. சோதனைக்கு வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், எண்ணிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒன்பது தருகிறேன். மீதி ஒன்பது என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வீரவநல்லூர்.